பதினாலு நிமிடம்

கோயம்புத்தூர்
9.2.2025

அன்புள்ள முருகேஸ்வரி அக்காவுக்கு,

ஆஃப்ரா எழுதுகிறேன். பெருமாள்மலை விதைக்கடை ஜமால் முகம்மதுவின் மகள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமோ என்னவோ. என் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் காகிதம். கடைசியாக நான் எழுதிய கடிதம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், விடுதியில் இருக்கும் ஒரு தங்கைக்கு. எனக்குத் தங்கையே கிடையாது.

இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்காரர் கந்தவேல் அண்ணன் பயிருக்கு மருந்து வாங்க வரும்போது அத்தா கொடுத்துவிடுவார். இதையும் அவர் கையில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அக்கா, இரண்டு மாதம் எவ்வளவு நன்றாக நடந்தது. உங்கள் வீட்டுப் பின்னால் ஒரு வெப்பமானிப் பெட்டி, பெருமாள்மலையில் பாலமுருகன் அண்ணன் வீட்டில் இன்னொன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு நீங்கள் இருவரும் டிகிரியைப் பார்த்து போனில் இருக்கும் படிவத்தில் போடுவீர்கள். ஐந்தரைக்கு என் கம்ப்யூட்டர் தானாக அதை எடுத்துப் பார்க்கும். எட்டுக்குக் கீழே இருந்தால் அந்த ஊர் விவசாயிகள் எல்லாருக்கும் 'விடியலில் உறைபனி விழலாம், இப்போதே தண்ணீர் தெளியுங்கள்' என்று மெசேஜ் போகும். மனிதர் யாரும் இடையில் உட்கார வேண்டியதில்லை. காய்கறி விவசாயிகள் சங்கத்துக்கு நான் செய்து கொடுத்த அந்த ஒரு வேலையைச் சொல்லித்தான் இங்கே எனக்கு உத்தியோகமே கிடைத்தது.

ஜனவரி நாலாம் தேதி சனிக்கிழமை மட்டும் மெசேஜ் போகவில்லை. ஞாயிறு விடிந்தபோது பள்ளங்கியில் பீன்ஸும் உருளையும் கருகிக் கிடந்தன. புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் தலைவர் சண்முகராஜ் என்னைப் பார்த்து, "ஏம்மா, மெசேஜ் ஏன் வரல?" என்று கேட்டார். நான் எழுந்து, "முருகேஸ்வரி அக்கா அன்னைக்கு லேட்டாப் போட்டாங்க, பதினாலு நிமிஷம்" என்றேன்.

அது நடந்ததுதானே அக்கா. ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது. உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஆஃப்ரா


பள்ளங்கி
17.2.2025

ஆஃப்ராவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. இரண்டு தரம் படித்தேன். இரண்டாவது தரம் படித்தது கையெழுத்துக்காக இல்லை, நீ எங்கேயாவது முழுசாக ஏதாவது சொல்லியிருக்கிறாயா என்று பார்க்க.

நீ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். மிச்சத்தை ஊர் பேசிக்கொண்டது. அன்று பள்ளங்கியில் என் பீன்ஸ் மட்டும் பச்சையாக நின்றது அல்லவா. "அவ காட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, அப்புறம் நிதானமா மெசேஜ் போட்டிருக்கா" என்று என் காதுபடவே சொன்னார்கள். குளிர் தெரிந்தது, தண்ணீர் விட்டேன். என் காட்டுக்குத் தண்ணீர் விட நான் யாரிடம் கேட்க வேண்டும்?

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் சண்முகராஜ் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டார். குழாயடியில் என் குடத்துக்கு அடுத்த குடம் ஒரு முழம் தள்ளித்தான் வைக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு இருந்த நல்லசாமி அண்ணனை உனக்குத் தெரியும். அவருடைய பீன்ஸில் ஒரு கொடி மிஞ்சவில்லை. குத்தகையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். எப்போது வெளியூர் போனாலும் வீட்டுச் சாவியை எங்களிடம்தான் கொடுப்பார். இந்தத் தடவை சாவி வேறு வீட்டில் இருக்கிறது.

நான் ஏன் தாமதம் என்று நீயும் கேட்கவில்லை, சங்கமும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பெட்டிக்கு மேற்கே நின்ற தைல மரத்தை முந்தின நாள் வெட்டிவிட்டார்கள். ஐந்து மணிக்குப் பெட்டி மேல் நேராக வெயில். "வெயில் படும்போது பாக்காதீங்கக்கா, பொய்யாக் காட்டும்" என்று சொன்னது நீ. வெயில் நகரட்டும் என்று நின்றேன். நகர்ந்தது, பார்த்தேன், ஆறு டிகிரி. ஐந்து பதினாலுக்குப் போட்டேன். அதுவரை ஒருநாள்கூட நான் ஐந்தைத் தாண்டியதில்லை. பாலமுருகன்தான் ஐந்தேகால், ஐந்து இருபத்தைந்து என்று போடுவான். அவனை நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்.

தாமதம் தாமதம்தான். அந்தப் பதினாலு நிமிடத்தை நான் தினமும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சோறு பொங்கும்போதும் அது, களை எடுக்கும்போதும் அது. ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. கம்ப்யூட்டர் ஐந்தரைக்குத்தான் எடுத்துப் பார்க்கும் என்று நீ சொன்னாய், இந்தக் கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறாய். நான் போட்டது ஐந்து பதினாலு. அப்புறமும் பதினாறு நிமிடம் கிடந்ததே. பிறகு நான் எப்படி லேட்?

படித்தவள் நீ. இதற்கு மட்டும் பதில் சொல். மன்னிப்பெல்லாம் பிறகு பார்க்கலாம்.

முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதே பெரிய சந்தோஷம். நல்லசாமி அண்ணன் போனது எனக்குத் தெரியாது. அத்தா சொல்லவே இல்லை.

நீங்கள் கேட்டதை இரண்டு வரியில் சொல்வது கஷ்டம். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் போட்டது உடனே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. சில சமயம் சர்வரிலும் ஏதாவது பிரச்சினை இருக்கும். இது கொஞ்சம் சிக்கலான விஷயம், அக்கா. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நோன்பு தொடங்குகிறது. போன வருடம் மாதிரியே கஞ்சி கொடுத்துவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆஃப்ரா


பள்ளங்கி
6.3.2025

ஆஃப்ராவுக்கு,

நான் போட்டதும் 'பெறப்பட்டது, 5.14' என்று பச்சை எழுத்தில் வந்தது. அதை என் மகள் ஜெயப்பிரியா போட்டோ பிடித்து வைத்திருக்கிறாள். சிக்னல் கதையை வேறு யாரிடமாவது சொல்.

கஞ்சி வந்தது. தூக்குவாளியை வெறுமனே திருப்பக் கூடாது என்று கொஞ்சம் பச்சைப் பட்டாணி போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது வேறு.

முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
12.3.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு உங்களிடம் சர்வர் பிரச்சினை என்று இன்னொரு தடவை எழுத என்னால் முடியாது.

நீங்கள் லேட் இல்லை. தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது.

எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அந்தக் கருவியில் வேலையைக் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுப்போம். முதல் கட்டம் உங்கள் இருவரின் படிவங்களையும் வந்த நேரப்படி வரிசையாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டம் ஒவ்வொரு ஊராக எடுத்து, எட்டுக்குக் கீழேயா என்று பார்க்கும். மூன்றாவது மெசேஜ் அனுப்பும். இரண்டாவது கட்டத்தில் நான் 'ஆறு' என்றோ 'ஏழு' என்றோ எண்ணை எழுதி வைக்க முடியாது, தினமும் மாறுமே. அதனால் எண் வர வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரை எழுதுவோம். அதை மாறி என்பார்கள். வேலை ஓடும்போது அன்றைய எண் அந்தப் பெயரின் இடத்தில் வந்து உட்காரும்.

நான் எழுத வேண்டியது, 'இந்த வரியில் இருக்கும் வெப்பநிலை'. நான் எழுதி வைத்தது, 'முதல் வரியில் இருக்கும் வெப்பநிலை'. ரேஷன் கடையில் முதல் ஆளுடைய கார்டை மட்டும் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் அதே அளவு போட்டது மாதிரி. யார் முதலில் படிவத்தைப் போட்டார்களோ அவர்கள் எண்தான் இரண்டு ஊருக்கும் எண்.

இரண்டு மாதமும் முதலில் போட்டது நீங்கள், அக்கா. அதனால் உங்கள் டிகிரியை வைத்தே எல்லாம் நடந்தது, பள்ளங்கிக்குச் சரியாகவே நடந்தது. பெருமாள்மலைக்கும் சேர்த்து மெசேஜ் போனது, அவ்வளவுதான். அங்கே உறைபனி அபூர்வம். அத்தாகூட ஒருநாள் போனில், "என்னம்மா, இங்க சட்டை போடாம உக்காந்திருக்கேன், ஒம் மெசேஜ் பனி விழுகுதுங்குது" என்று சிரித்தார். அதைக் கேட்டபோதே நான் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கூடுதலாகப் போனால் என்ன நஷ்டம் என்று நானும் சிரித்துவிட்டேன்.

ஜனவரி நாலாம் தேதி பாலமுருகன் அண்ணன் ஐந்து மணிக்கே போட்டுவிட்டார். பதினொரு டிகிரி. நீங்கள் திட்டித் திட்டி அன்றைக்குத்தான் அவர் நேரத்துக்குப் போட்டிருக்கிறார். உங்கள் ஆறு டிகிரி இரண்டாவது வரியில் பத்திரமாக வந்து கிடந்தது. என் கருவி முதல் வரியை இரண்டு தரம் பார்த்தது. பதினொன்று, பதினொன்று. ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை.

ஆரம்பத்தில் நான் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பாலமுருகன் அண்ணன் வீட்டில் பெட்டி வைப்பதற்கு முன்னால், உங்கள் ஒரு வரியை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஒரே வரி இருக்கும்போது முதல் வரியும் அதுதான், இந்த வரியும் அதுதான். சரியாக வந்தது. அதோடு எழுந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் கிழித்துக் கிழித்துப் போட்டது. கூட்டம் புதன்கிழமை. இதை நான் கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை காலை. அம்மா கொடுத்த டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்து, ஒரு சொல்லை மாற்றி, சேமித்துவிட்டேன். அத்தனை சின்ன வேலை. கூட்டத்தில் சண்முகராஜ் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். மறுநாள் இங்கே நேர்காணல். எதையும் இட்டுக்கட்டவில்லை, நடந்ததைத்தானே சொல்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினாலு நிமிஷம் என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நல்லசாமி அண்ணன் போனதற்கும், உங்கள் குடம் தள்ளி நிற்பதற்கும் நான்தான் காரணம். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஆஃப்ரா


பள்ளங்கி
18.3.2025

ஆஃப்ரா,

உன் கடிதத்தைக் கந்தவேலிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மேல படி" என்றார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு மாதமும் உன் கருவி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது. நான் ஒருநாள் பிந்தினதும் குப்புற விழுந்துவிட்டது. விழுந்தது அது, அடி எனக்கு. நீ செவ்வாய்க்கிழமையே தெரிந்துகொண்டு புதன்கிழமை என்னைக் காட்டிக் கை நீட்டியிருக்கிறாய். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, பூண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட கை அது. வெட்கமாக இல்லையா உனக்கு?

அந்தப் பதினாலு நிமிடத்தில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று நான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கையால் மறைத்துப் பார்த்திருக்கலாமா, ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கலாமா என்று. பைத்தியக்காரி மாதிரி ஒருநாள் பெட்டி இருந்த வெறும் கம்பத்துக்குப் போய் சாக்கைக் கட்டிக்கூடப் பார்த்தேன்.

எனக்கு மட்டும் கடிதத்தில் எழுதினால் அது சொன்னதாக ஆகாது. கூட்டத்தில் சொன்னாய், கூட்டத்திலேயே சொல். ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது.

முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

முதலில் சண்முகராஜைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதான் முடிஞ்சு போச்சேம்மா. இப்பக் கெளறினா சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு. வர்ற வருஷம் அஞ்சு ஊருக்குப் பெட்டி வைக்கப் போறோம், நீ அந்தச் சோலியப் பாரு" என்றார். உண்மையைச் சொல்லட்டுமா, அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. தலைவரே வேண்டாம் என்றுவிட்டார், இனி என் கையில் இல்லை என்று. அப்புறம் நீங்கள் வெறும் கம்பத்தில் கட்டிப் பார்த்த சாக்கு ஞாபகம் வந்தது.

பயமாக இருக்கிறது, அக்கா. இங்கே என்னை வேலைக்கு எடுத்ததே இதைக் காட்டி. அத்தா கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளங்கிக்காரர்கள். அவர் இன்னும் ஒன்றும் அறியாமல் உங்கள் பட்டாணியைப் பற்றி ஒவ்வொரு நாளும் பெருமையாகப் பேசுகிறார். பெருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். ஆறாம் தேதி வருவேன் என்று எழுதப் பேனா ஓடவில்லை. வரமாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

ஆஃப்ரா


பள்ளங்கி
29.3.2025

ஆஃப்ராவுக்கு,

கூட்டம் காலை பதினொரு மணி. பள்ளிக்கூடத்தில். நான் கடைசி வரிசையில் இருப்பேன்.

பெருநாள் வாழ்த்து.

முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
14.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பேசத் தொடங்கியபோது கடைசி வரிசையில் உங்களைப் பார்த்தேன். முடித்தபோது உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று பாதி ஞாபகம் இல்லை. நீங்கள் இருந்து கேட்காததை, ஞாபகம் இருக்கிறவரை எழுதுகிறேன்.

கரும்பலகையில் இரண்டு வரி எழுதிக் காட்டினேன். பெருமாள்மலை பதினொன்று, பள்ளங்கி ஆறு. என் கருவி எதைப் பார்த்தது, எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று காட்டினேன். ஜனவரிக் கூட்டத்துக்கு முதல்நாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அந்தப் புள்ளைய நாம என்ன பாடு படுத்திருக்கோம்" என்றார். உங்களைத்தான் சொன்னார். பாலமுருகன் அண்ணன் எழுந்து, "என்னைய நேரத்துக்குப் போடச் சொன்னதே அவுகதான்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். அத்தா என்னைத் திட்டவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அது திட்டை விட வலித்தது.

ஆபீஸிலும் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை. இனி நான் எழுதும் எதையும் இன்னொருவர் இரண்டு மூன்று வரி வைத்துச் சோதித்த பிறகுதான் ஓடவிடுவார்கள். சங்கமும் அதே மாதிரி, பாலமுருகன் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாறியையும் வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறது. பெட்டி உங்கள் வீட்டுக்கே திரும்பும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் உங்கள் கையில் போன் இருந்தது. 5.14 என்று பச்சை எழுத்து அதில் இருந்தது. ஐந்தரைக் கணக்கும் உங்களுக்குத் தெரியும். எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே மாட்டியிருப்பேன். ஏன் அக்கா வாய் திறக்கவில்லை? இந்தத் தடவையும் ஏன் பாதியில் எழுந்து போனீர்கள்?

கோபம் ஆறும்போது எழுதுங்கள்.

ஆஃப்ரா


பள்ளங்கி
21.12.2025

அன்புள்ள ஆஃப்ராவுக்கு,

எட்டு மாதமாகிவிட்டது. கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் ஆடி மாதமே ஆறிவிட்டது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். உன்னிடம் பதில் சொல் பதில் சொல் என்று மிரட்டினவள் நான்.

அன்று ஆறு டிகிரியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். நல்லசாமி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏம்மா முருகேசு, எத்தனை காட்டுது? பனி விழுகுமா?" என்று கேட்டார். எண் என் நாக்கு நுனியில் இருந்தது. "மெசேஜ் வரும்ண்ணே, பாத்துக்கங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? முந்தின வாரம் அவர் என்னைப் பார்த்து, "கலெக்டரம்மா மீட்டர் பாக்குறாக" என்று நாலு பேர் முன்னால் கேலி செய்திருந்தார். மெசேஜ் வரட்டும், வந்ததும் அவரே வந்து உன் பெட்டி சரியாத்தான் சொல்லுது என்று சொல்லட்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. சொல்லிவிட்டு நேராகப் போய் என் பீன்ஸுக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன். ஐந்தரைக்கு என் போனில் மெசேஜ் வரவில்லை. சிக்னல் இருக்காது, மற்றவர்களுக்கு வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். வேலிக்குப் பத்து எட்டு நடை இருக்குமா? அதைக்கூட நடக்கவில்லை. பனிக்காலத்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் நாலு காட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்துவதுதான் இங்கே வழக்கம். போனில் போட்டாயிற்று, கத்தின மாதிரிதான் என்று இருந்துவிட்டேன்.

கூட்டத்தில் நீ பதினாலு நிமிஷம் என்றபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதி. பதினாலு நிமிடம் என்றே ஊர் நினைத்துக்கொள்ளட்டும், வேலியோரம் நடந்தது வெளியே வராது என்று. எதிரே நல்லசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் ஐந்தரைக் கணக்கைக் கேட்டால் அவரும் வாய் திறப்பார் என்று பயந்தேன். உன் பொய்க்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன், ஆஃப்ரா. அப்புறம் உன்மேல் அத்தனை எரிந்து விழுந்ததும் கொஞ்சம் அதனால்தான். ஏப்ரலில் நீ அத்தனை பேர் முன்னால் உன்மேல் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டபோது, பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டு, "பாவம்டி நீ" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை.

போன மாதம் வத்தலக்குண்டு போய், பஸ் மாறித் திருப்பூர் போனேன். கந்தவேல் வரட்டுமா என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நல்லசாமி அண்ணனிடம் நீ சொன்னதையும் சொன்னேன், நான் செய்ததையும் சொன்னேன். அவர், "நீ சொல்லாட்டியும் எனக்கு அன்னைக்கு மூக்கு நுனி சில்லுன்னுதாம்மா இருந்துச்சு. மெசேஜ்தான் வரலையேன்னு நானும் பைப்பச் சுருட்டி வச்சுட்டேன்" என்றார். திரும்பி வருவீங்களாண்ணே என்று கேட்டேன். "புள்ளைகள இங்க பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட வரவில்லை.

அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பெட்டி இப்போது வீட்டுக்குக் கிழக்கே, நாள் முழுக்க நிழல் விழுகிற இடத்தில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வத்தலக்குண்டிலிருந்து செல்லப்பாண்டி என்று ஒருவர் குத்தகைக்கு வந்திருக்கிறார். மலையில் இது அவருக்கு முதல் பனி. நேற்று ஐந்து மணிக்கு ஏழு டிகிரி காட்டியது. முதலில் படிவத்தில் போட்டேன். போட்ட கையோடு வேலிக்குப் போய், "ஏழு காட்டுது, வெரசாத் தண்ணி விடுங்க" என்று கத்தினேன். அவர், "அதான் மெசேஜ் வருமேக்கா" என்றார். "வரும். நீங்க இப்பவே விடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பைப்பை எடுக்கிறவரை அங்கேயே நின்றேன். ஐந்தரைக்கு உன் மெசேஜும் சரியாக வந்தது. பெருமாள்மலைக்கு வரவில்லையாம், பாலமுருகன் சொன்னான்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. ஐந்து மணிக்கு மட்டும் கூப்பிடாதே, எனக்கு வேலிப் பக்கம் சோலி இருக்கும்.

முருகேஸ்வரி அக்கா